காப்பிக்கும் பேஸ்ட்டுக்கும் நடுவில் ஒரு வேலை இருக்கிறது

சென்ற மாதம் பக்கத்து வீட்டுப் பெண் பிரிண்ட் எடுக்க எங்கள் வீட்டிற்கு வந்தாள். எம்.எஸ்சி. உளவியல் படிக்கிறாள். புதிதாக கம்ப்யூட்டர் வாங்கியிருக்கிறார்கள். பிரிண்டர் இன்னும் இல்லை. பென் டிரைவில் 18 பக்க அசைன்மென்ட். "எழுத எத்தனை நாள் ஆச்சும்மா?" என்றேன். "ஒரு மணி நேரம்தான் அங்கிள். நெட்டில் எல்லாம் இருக்கே" என்றாள்.

தாள்கள் வெளியே வர வர, விஷயம் புரிந்தது. மூன்று வகை எழுத்துரு. நீல நிறத்தில் அடிக்கோடிட்ட லிங்குகள் கூட அப்படியே இருந்தன.

எனக்கு அவளைத் திட்ட மனம் வரவில்லை. பள்ளியில் பன்னிரண்டு வருடம், புத்தகத்தில் உள்ளதை வரி மாறாமல் எழுதினால் முழு மதிப்பெண் என்று பழக்கியது நாம்தான். கல்லூரிக்குப் போனதும் அதையே திருட்டு என்கிறோம். எப்படி எடுத்தாள்வது என்று இடையில் யார் சொல்லித் தந்தார்கள்?

அவள் அசைன்மென்ட்டின் முதல் பத்தியையே பாருங்கள். 1964 மார்ச் 13 அன்று நியூயார்க்கில் கிட்டி ஜெனோவீஸ் என்ற 28 வயதுப் பெண் கத்தியால் குத்திக் கொல்லப்பட்டார். 38 பேர் அரை மணி நேரத்திற்கும் மேலாக வேடிக்கை பார்த்தார்கள், தாக்குதல் நடந்தபோது ஒருவர் கூட போலீசை அழைக்கவில்லை என்று இரண்டு வாரம் கழித்து நியூயார்க் டைம்ஸ் எழுதியது. உளவியல் பாடப் புத்தகங்கள் பலவற்றில் இந்தக் கதை ஏறிவிட்டது. ஒரு புத்தகத்தைப் பார்த்து இன்னொரு புத்தகம் என்று நாற்பது வருடம் ஓடியது.

2007ல் மானிங், லெவைன், காலின்ஸ் என்ற மூவர் வழக்கு ஆவணங்கள் வரை திரும்பிப் போய்ப் பார்த்தார்கள். 38 பேர் சும்மா நின்று வேடிக்கை பார்த்தார்கள் என்பதற்கு ஆதாரமே இல்லை. ஒருவர் ஜன்னலிலிருந்து சத்தம் போட, கொலைகாரன் முதலில் ஓடியிருக்கிறான். இரண்டாவது தாக்குதல் பெரும்பாலானோர் கண்ணில் படாத இடத்தில், கட்டடத்திற்குள் நடந்திருக்கிறது. தன் பழைய செய்தி பிழையானது என்று 2016ல் அந்தப் பத்திரிகையே எழுதியது.

மாணவி காப்பி செய்தது இந்தப் பழைய கதையைத்தான். எங்கிருந்து எடுத்தாள் என்று ஒரு வரி இல்லை. இருந்திருந்தால் அந்த வழியே போய்ச் சரி பார்த்திருக்கலாம். மூலத்தைக் குறிப்பிடுவது எழுதியவருக்குச் செய்யும் மரியாதை மட்டுமல்ல. தவறு எங்கே நுழைந்தது என்று கண்டுபிடிக்க உதவும் பாதையும் அதுவே.

"சாஃப்ட்வேர் கண்டுபிடிக்காதபடி வார்த்தைகளை மாற்றிவிட்டால் போச்சு" என்று எண்ண வேண்டாம். பல்கலைக்கழக மானியக் குழு 2018ல் கொண்டு வந்த விதிகளின்படி, ஆய்வேட்டில் 10 சதவீதம் வரை ஒத்திருந்தால் தண்டனை இல்லை. 60 சதவீதத்தைத் தாண்டினால் ஆய்வுப் பதிவே ரத்து. ஆனால் அடுத்தவர் கருத்தை வேறு வார்த்தையில் எழுதிப் பெயரை மறைத்தாலும் அது திருட்டுதான். சாஃப்ட்வேரில் தப்பித்தது நேர்மைக்குச் சான்றிதழ் ஆகாது.

செய்ய வேண்டியது எளிது. வேர்டில் இரண்டு ஃபைல்கள் திறந்து கொள்ளுங்கள். முதலாவது "எடுத்தவை". காப்பி செய்யும் ஒவ்வொரு பகுதியையும் மேற்கோள் குறிக்குள் போட்டு, எழுதியவர் பெயர், ஆண்டு, பக்க எண், இணைய முகவரி நான்கையும் அப்போதே எழுதிடுங்கள். பிறகு தேடிக்கொள்ளலாம் என்றால் கிடைக்காது. இரண்டாவது ஃபைல் உங்களுடையது. முதல் ஃபைலை மூடிவிட்டு, புரிந்ததை உங்கள் வார்த்தையில் டைப் செய்திடுங்கள். எழுத வரவில்லையா? இன்னும் புரியவில்லை என்று அர்த்தம். மறுபடி படியுங்கள். எழுதி முடித்ததும் முதல் ஃபைலைத் திறந்து, எந்தக் கருத்து யாருடையது என்று அங்கங்கே குறித்திடுங்கள்.

தேடுவதற்கு சாதாரண கூகுளை விட கூகுள் ஸ்காலர் நல்லது. இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளை சோத்கங்கா தளத்தில் இலவசமாகப் படிக்கலாம். சாட்ஜிபிடி போன்றவற்றிடம் கேட்டால் ஜாக்கிரதை. இல்லாத கட்டுரைக்கும் ஆசிரியர் பெயர், ஆண்டு எல்லாம் போட்டுத் தந்துவிடும். திறந்து பார்க்காத கட்டுரையை உங்கள் பட்டியலில் சேர்க்காதீர்கள்.

நான்கு நாள் கழித்து அந்தப் பெண் மறுபடி வந்தாள். 18 பக்கம் ஆறு பக்கமாகியிருந்தது. "பக்கம் குறைந்தால் மார்க் குறையுமோ அங்கிள்?" என்று கவலைப்பட்டாள். அந்தக் கவலைக்கு ஆசிரியர்கள்தான் பதில் சொல்ல வேண்டும். பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் வாங்கித் தந்திருக்கும் பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். எத்தனை பக்கம் முடித்தாய் என்று கேட்காதீர்கள். இது எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள்.