சுறாவின் கொம்பு

பட்டினப்பாலையில் பரதவர், சினையுற்ற சுறாவின் கொம்பை நட்டு, அதில் உறையும் தெய்வத்தை வழிபடும் காட்சியை நம்மில் பலர் படித்திருக்கிறோம். கொம்பில் ஏறிய அணங்கைப் பற்றி நிறையவே பேசியும் இருக்கிறோம். சுறாவுக்கு ஏது கொம்பு என்று மட்டும் கேட்டதில்லை.

சுறாவின் உடலும் நட்டு வைக்கத்தக்க கொம்பும் ஒருங்கே வாய்த்தது, நம் மீனவர் வேளா என்றழைக்கும் மீன். அதன் கொம்பு இருபுறமும் பல் வைத்த ரம்பம். பார்வைக்குச் சுறாதான், ஆனால் சுறாவின் செவுள் பிளவுகள் பக்கவாட்டில் இருக்க, வேளாவுக்கோ உடலின் அடிப்புறத்தில் இருக்கின்றன. ஆகவே விலங்கியல் அதைத் திருக்கைகளோடு சேர்க்கிறது. புலவர் பிழை செய்தார் என்பதல்ல நம் வாதம். கடலோரத்துக் கண் கண்டதை அவர் பாடினார். உரை படிக்கும் நாம்தான் மீனைப் பார்க்கவில்லை.

'சினை' என்ற அடையையும் நாம் எளிதாகக் கடந்துவிடுகிறோம். வேளா முட்டையிடுவதில்லை, குட்டி ஈனுகிறது. தாயின் வயிற்றைக் கிழிக்காதிருக்க, குட்டியின் ரம்பம் மெல்லிய உறையொன்றால் மூடியே பிறக்கிறது. அறுத்த வயிற்றில் கொம்போடு குட்டிகளைக் கண்டவர்களுக்கு அந்த மீன் தெய்வமாகத் தோன்றியிருந்தால் வியப்பென்ன?

அக்கொம்பு வெறும் ஆயுதமும் அன்று. அதன் தோலிலுள்ள நுண்துளைகள் இரையின் உடலிலிருந்து கசியும் மின்புலத்தை உணர்கின்றன. கலங்கிய நீரிலும் இரையைக் கண்டு பக்கவாட்டில் வீசி அடிக்க உதவுவது இவ்வுணர்வுதான். இன்று அதே ரம்பம்தான் அதை வலையில் சிக்கவைக்கிறது. தாமதமாகப் பருவமடைந்து சில குட்டிகளையே ஈனும் இனம் இவ்விழப்பை ஈடுசெய்ய இயலாது. உலகிலுள்ள 5 வேளா இனங்களும் அழிவின் விளிம்பை நோக்கியிருக்கின்றன. 2001-இல் இந்திய வனவுயிர்ச் சட்டம் வேளாவைப் பாதுகாப்புப் பட்டியலில் சேர்த்தது. அமெரிக்காவின் புளோரிடாவில் வாழும் ஓர் இனத்தில், ஆணின்றியே பெண் ஈன்ற குட்டிகள் இருப்பதை 2015-இல் மரபணு ஆய்வு வெளிப்படுத்தியது. துணை கிடைப்பது அரிதானதால் இப்படி நேர்ந்திருக்கலாம் என்பது ஆய்வாளர் ஊகம்.

நெய்தல் என்றால் இரங்கல் என்று உரிப்பொருளை ஒப்பிக்கும் நாம், அத்திணையின் உயிர்களைப் பெயரளவில்கூட அறியாதிருப்பது முறையன்று. பட்டினப்பாலையின் அடுத்த பதிப்பைக் கொண்டுவருவோர், அந்த வரிக்கு ஓர் அடிக்குறிப்பில் வேளாவின் பெயரைச் சேர்க்க வேண்டும். பக்கத்தில் அதன் படத்தையும்.