ஸ்டிக்கர் கோலமும் சூப்பர் காரும்

போன மாதம் ஒரு கல்யாண ரிசப்ஷன். பந்தியில் இடம் கிடைக்காமல் காத்திருந்த நேரத்தில் அக்கா மகன் செல்போனை என் மூக்குக்கு நேராக நீட்டினான். குரோவேஷியாவில் தயாராகும் ரிமாக் நெவேரா என்கிற மின்சாரக் கார். 1,914 குதிரைத்திறன். நின்ற இடத்திலிருந்து 100 கிலோமீட்டர் வேகத்தைத் தொட 2 விநாடிகூட ஆகாது.

"மாமா, நீங்க எஃப்-40, எஃப்-40னு உருகுவீங்களே, அதுக்கு 4 விநாடிக்கு மேல ஆகுமாம். அது பாதி தூரம் வர்றதுக்குள்ள இது வீட்டுக்குப் போய் சார்ஜ் போட்டுக்கும். பழைய சூப்பர் காரெல்லாம் மியூசியத்துக்குத்தான் லாயக்கு."

அதற்குள் இலை போட்டுவிட்டார்கள். சூடான சாம்பாருக்கு முன்னால் கார் விவாதம் எடுபடாது. அதனால் இப்போது சொல்கிறேன்.

முதலில் ஒரு வாக்குமூலம். நான் ஃபெராரி எஃப்-40 ஓட்டியதில்லை. ஓட்டப்போவதும் இல்லை. 1987-லிருந்து 1992 வரை மொத்தமே சுமார் 1,300 வண்டிகள்தான் செய்தார்கள். இன்றைக்கு ஒன்றை வாங்குகிற காசில் அண்ணா நகரில் ஒரு சின்ன அபார்ட்மென்ட் பிளாக்கையே வாங்கிப் போடலாம்.

எனக்குத் தெரிந்ததெல்லாம் பிரீமியர் பத்மினி. எண்பதுகளில் டிரைவிங் ஸ்கூல் வண்டி. ஸ்டீயரிங் பக்கத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் கியர் கம்பி. ஜெமினி மேம்பாலத்து ஏற்றத்தில் ஒரு நாள் நிறுத்த வேண்டி வந்துவிட்டது. பின்னால் பல்லவன் பஸ். அதன் டிரைவர் ஹாரனிலேயே என் குலம் கோத்திரம் எல்லாம் விசாரித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாஸ்டர் மட்டும் பதறவில்லை. "கண்ணாடிய பாக்காத தம்பி. காதுல கேளு. இன்ஜின் சத்தம் இறங்கும் பாரு, அப்ப பிரேக்க விடு" என்றார். கிளட்சை மயிரிழை மயிரிழையாக விட்டேன். இன்ஜினின் குரல் தாழ்ந்தது. பிரேக்கை எடுத்தேன். வண்டி பின்னாலும் போகவில்லை, முன்னாலும் போகவில்லை. என் இடது பாதத்தில் நின்றது. அதற்குப் பிறகு எத்தனையோ ஆட்டோமேட்டிக் கார்கள் ஓட்டிவிட்டேன். ஒரு பயணமாவது இப்படி ஞாபகத்தில் இருக்கிறதா என்றால், இல்லை.

அந்த அனுபவத்தை 478 குதிரைத்திறன் அளவுக்குப் பெருக்கிக்கொண்டால் எஃப்-40 வந்துவிடும்.

ஃபெராரி கம்பெனியின் 40-வது ஆண்டுக்காக 1987-ல் வந்த கார் அது. என்ஸோ ஃபெராரி தானே பார்த்து சம்மதித்த கடைசிக் கார். மறு வருடம் ஆகஸ்டில் அவர் காலமானார். உள்ளே எட்டிப் பார்த்தால் ஏமாந்து போவீர்கள். கார்ப்பெட் கிடையாது. ரேடியோ கிடையாது. உள்ளேயிருந்து கதவைத் திறக்க ஒரு கயிறு, இழுக்க வேண்டியது. பவர் ஸ்டீயரிங் இல்லை, பிரேக்குக்கு பூஸ்டர் இல்லை, ஏ.பி.எஸ். இல்லை, டிராக்ஷன் கன்ட்ரோல் இல்லை. முதுகுக்குப் பின்னால் 2.9 லிட்டர் வி-8 இன்ஜினும் இரண்டு டர்போவும். ஆக்ஸிலேட்டரை மிதித்தால் உடனே பெரிதாக ஒன்றும் நடக்காது. டர்போ சுழன்று எழ வேண்டும். எழுந்ததும் பின்னாலிருந்து யாரோ எட்டி உதைத்த மாதிரி பாயும். அந்த நேரம் பார்த்து நீங்கள் வளைவில் இருந்தால் வண்டியின் வால் உங்களை முந்தப் பார்க்கும். ஆகவே வளைவுக்குள் நுழையும் முன்பே காதும் காலும் சேர்ந்து கணக்குப் போட்டாக வேண்டும்.

இதைத்தான் பழைய கார் ரசிகர்கள் "அந்த வண்டிக்கு ஆத்மா இருக்கு" என்பார்கள். சுத்தப் பேத்தல். இரும்புக்கு ஏது ஆத்மா? இதற்குக் காரணம் வெறும் பௌதிகம். பவர் உதவி இல்லாத ஸ்டீயரிங்கில், டயருக்கும் உங்கள் உள்ளங்கைக்கும் நடுவில் பல்சக்கரமும் கம்பியும்தான். டயர் தரையை இறுகப் பிடித்துத் திரும்பும்போது ஸ்டீயரிங் கனக்கும். பிடி நழுவத் தொடங்கும்போது லேசாகும். "வழுக்கப் போறேன், உஷார்" என்று வண்டி முன்கூட்டியே அனுப்பும் தந்தி அது. படிக்கத் தெரிந்தவன் பிழைத்தான்.

இன்றைய சூப்பர் காரில் அந்தத் தந்தியைக் கம்ப்யூட்டர் பிரித்துப் படிக்கிறது. பதிலையும் அதுவே எழுதிவிடுகிறது. உங்களுக்கு ஒரு நகல்கூட வருவதில்லை. 2017-ல் வந்த மெக்லாரன் 720 எஸ் காரில் ஒரு வசதி உண்டு. வண்டியின் பின்பக்கம் எவ்வளவு தூரம் விலகிச் சறுக்கலாம் என்பதைத் திரையில் விரலால் தள்ளி வைத்துவிடலாம். அப்புறம் மிதிக்க வேண்டியதுதான். அளவு மீறாமல் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும். வெளியில் நிற்பவன் "என்ன லாகவம்!" என்று கைதட்டுவான்.

எங்கள் தெருவில் ஒரு வீட்டு வாசலில் ஸ்டிக்கர் கோலம் ஒட்டியிருக்கிறார்கள். கோடு ஓரிடத்திலும் பிசகவில்லை. புள்ளிகள் எல்லாம் சம தூரத்தில். எதிர் வீட்டு அம்மாள் குனிந்து மாவில் போடும் கோலத்தில் ஒரு இழை கொஞ்சம் தடித்திருக்கும். எது அழகு என்று நான் கேட்கவில்லை. கோலம் போட்டது யார் என்று கேட்டால் முதல் வீட்டில் என்ன பதில் சொல்வார்கள்?

"டெக்னாலஜிக்கு எதிரியா நீங்க?" என்று மருமகன் கேட்பான். நான் எதிரியோ இல்லையோ, கார் பந்தயத்தையே தொழிலாக வைத்திருப்பவர்கள் என்ன செய்தார்கள் என்று பார்ப்போம். 1992-ல் நைஜல் மான்செல் ஃபார்முலா ஒன் சாம்பியன் ஆனார். அவருடைய வில்லியம்ஸ் காரில் ஆக்டிவ் சஸ்பென்ஷன், டிராக்ஷன் கன்ட்ரோல் எல்லாம் இருந்தன. அடுத்த வருடம் அதே கம்பெனி காரில் ஏ.பி.எஸ்.ஸும் சேர்ந்துகொள்ள, அலான் பிராஸ்ட் சாம்பியன். 1994 வந்ததும் இந்த உதவிகளையெல்லாம் தடை செய்துவிட்டார்கள். ஜெயிப்பது டிரைவரா, பெட்டியா என்கிற சந்தேகம் ஆட்டத்தையே கொன்றுவிடும் என்பது அவர்களுக்குத் தெரியும். டிராக்ஷன் கன்ட்ரோல் மட்டும் 2001-ல் மறுபடி நுழைந்தது. 2008-ல் எல்லா அணிகளுக்கும் ஒரே மாதிரி கம்ப்யூட்டரைக் கொடுத்து மறுபடியும் விரட்டினார்கள். உலகத்திலேயே அதிகமாக டெக்னாலஜியைக் கொண்டாடும் கூட்டம் எடுத்த முடிவு இது.

இங்கே நியாயமான ஓர் ஆட்சேபம் வரும். பழைய வண்டிகள் ஆளைக் கொன்றன. உண்மை. 1975-ல் வந்த போர்ஷே 911 டர்போவுக்கு, பெண்டாட்டியை விதவையாக்கும் கார் என்றே பட்டப்பெயர். லம்போர்கினி கவுன்டாஷில் பின்னால் எதுவும் தெரியாது. ரிவர்ஸ் எடுக்க, கதவை மேலே தூக்கிவிட்டு, வாசல் விளிம்பில் உட்கார்ந்து திரும்பிப் பார்த்து ஓட்டுவார்கள். இதையெல்லாம் நான் நல்ல டிசைன் என்று சொன்னால் எனக்கு வைத்தியம் பார்க்க வேண்டும்.

ஆபீஸுக்குப் போகிற கார் வேறு, ஆட்டத்துக்கான கார் வேறு. இந்தியாவில் 2019-ல் கார்களுக்கு ஏ.பி.எஸ். கட்டாயமானதை நான் கைதட்டி வரவேற்கிறேன். என் பெண் ஓட்டும் காரில் அது இல்லையென்றால் சாவியைப் பிடுங்கிவிடுவேன். ஆனால் சூப்பர் கார் யாருக்கும் தேவை இல்லாத பொருள். குழந்தைகளை ஸ்கூலில் விட முடியாது, மளிகை வாங்க முடியாது. ஓட்டும் சுகம் ஒன்றுக்காகவே பிறந்தது. அந்தச் சுகத்தையும் பெட்டியிடம் ஒப்படைத்துவிட்டால் மிச்சம் என்ன? பெயின்ட்டும் இன்ஷூரன்ஸ் பிரீமியமும்.

பாதுகாப்பு என்கிற வாதத்தில் ஒரு ஓட்டையும் இருக்கிறது. எஃப்-40 உங்களை 80-லேயே வியர்க்க வைக்கும். 80-லேயே சந்தோஷமும் கொடுக்கும். கை கால் காது எல்லாவற்றுக்கும் வேலை இருக்கிறதே! 2021-ல் வந்த ஃபெராரி 296 ஜி.டி.பி. 830 குதிரைத்திறன் கொண்ட ஹைபிரிட். 2.9 விநாடியில் 100. அதில் 80 என்பது நின்றுகொண்டிருப்பது மாதிரி. 120-ல் கொட்டாவி வரும். சுகம் வேண்டுமென்றால் இன்னும் மிதிக்க வேண்டும். மிதித்தால் வண்டி ஒரு பிழையும் செய்யாமல் பறக்கிறது. ஓட்டுகிறவன் அந்தத் திறமை தன்னுடையது என்று நினைத்துக்கொள்கிறான். இரவல் தைரியம். நகையை இரவல் வாங்கினால் திருப்பிக் கொடுக்கும் பயமாவது இருக்கும். இதில் அதுகூட இல்லை.

ஞாயிறு காலையில் ஈ.சி.ஆர். பக்கம் போனால் பார்க்கலாம், வரிசையாக வரும். அந்தச் சாலையைச் சைக்கிளில் பால் கேனோடு கடக்கிறவருக்கு டிராக்ஷன் கன்ட்ரோல் கிடையாது. வளைவில் டயர் பிடி விட்டுப்போனால் எந்தக் கம்ப்யூட்டராலும் பௌதிக விதியை மாற்ற முடியாது. பழைய வண்டி 80-ல் பயமுறுத்தி எச்சரித்திருக்கும். புது வண்டி 200 வரைக்கும் "ஒண்ணும் இல்ல, போ" என்று முதுகில் தட்டிக்கொண்டே வந்து, கடைசி நொடியில் கையை விரிக்கும்.

பழைய கார் பக்தர்களையும் சும்மா விடுவதாக இல்லை. "அந்தக் காலத்து வண்டி மாதிரி வருமா" என்று கண் கலங்குகிறவர்களில் பலர் அதை ஓட்டுவதே இல்லை. ஏ.சி. போட்ட ஷெட்டில் போர்வை போர்த்தி வைத்திருக்கிறார்கள். கிலோமீட்டர் ஏறினால் விலை இறங்கிவிடுமாம். 2018-ல் அமெரிக்காவில் 1962-ம் வருடத்து ஃபெராரி 250 ஜி.டி.ஓ. ஒன்று 4 கோடியே 84 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. பந்தயத்தில் புழுதி கிளப்பப் பிறந்த வண்டி, இப்போது ஃபிக்ஸட் டெபாசிட். ஸ்டிக்கர் கோலம் ஒரு பாவம் என்றால், கோலமாவைப் பெட்டியில் பூட்டி வைப்பது இன்னொரு பாவம்.

வயதும் இதில் விஷயமே இல்லை. 1992-ல் மெக்லாரன் எஃப்-1 செய்த கார்டன் மரே, 2020-ல் டி.50 என்ற காரை அறிமுகப்படுத்தினார். டிரைவர் நடுவில் உட்கார, இரு பக்கமும் இரண்டு பேர். எடை ஆயிரம் கிலோவுக்கும் குறைவு. நெவேரா இரண்டு டன்னைத் தாண்டும். 3.9 லிட்டர் வி-12 இன்ஜின் நிமிடத்துக்கு 12,100 சுற்று சுற்றும். ஆறு கியர், கையால் போட வேண்டும், காலால் கிளட்ச். புது வண்டிதான். வேலையை மட்டும் டிரைவரிடமே விட்டுவிட்டார்கள். போர்ஷேகூட 2013-ல் 911 ஜி.டி.3 காரிலிருந்து கிளட்ச் பெடலைத் தூக்கிவிட்டு, 2017-ல் மறுபடி கொண்டுவந்து வைத்தது.

வேடிக்கையின் உச்சம் ஹூண்டாய் ஐயானிக் 5 என். 2023-ல் வந்த மின்சாரக் கார். அதற்குக் கியர் மாற்றும் அவசியமே இல்லை. ஆனாலும் எட்டு கியர் இருப்பது போலப் பாவனை செய்கிறது. பட்டனைத் தட்டினால் கியர் மாறிய மாதிரி ஒரு குலுக்கல், ஸ்பீக்கரில் இன்ஜின் சத்தம். தூக்கி எறிந்ததை ஒரு கம்பெனி இத்தனை செலவு செய்து நடித்துக் காட்டுகிறது என்றால், எதைத் தொலைத்தோம் என்பது அவர்களுக்கே தெரிந்துவிட்டது என்று அர்த்தம்.

ரிசப்ஷன் முடிந்து இதையெல்லாம் சுருக்கமாக மருமகனிடம் சொன்னேன். கொட்டாவி விட்டான். சரி என்று என்னுடைய பன்னிரண்டு வருடப் பழைய மாருதியின் சாவியைக் கொடுத்து, "வீடு வரைக்கும் நீ ஓட்டு" என்றேன். லைசென்ஸ் வாங்கிய கையோடு கிளட்சை மறந்தவன். மண்டபத்து வாசல் சரிவில் மூன்று தடவை ஆஃப் ஆனது. பின்னால் மாப்பிள்ளை வீட்டு வேன் ஹாரன் அடித்தது. "காதுல கேளுடா" என்றேன். நாலாவது தடவை சத்தம் தாழ்ந்தது, வண்டி ஒரு கணம் நின்று, பூ மாதிரி ஏறியது.

வீட்டுக்குப் போகும் திருப்பத்தைத் தாண்டியும் ஓட்டிக்கொண்டே இருந்தான். "இன்னொரு ரவுண்டு போயிட்டு வந்துடலாம் மாமா."

எத்தனை விநாடியில் எத்தனை கிலோமீட்டர் என்று அன்றைக்கு இரண்டு பேருமே பார்க்கவில்லை.