கொழுந்துக்குக் கணக்கு உண்டு, குழந்தைக்கு?

ஹந்தானையிலும் தெல்தோட்டையிலும் மடுல்கலையிலும் கொழுந்து பறித்த தாய்மார் மடுவத்தில் வரிசையாக நிற்கின்றனர். கொழுந்து தராசில் ஏறுகின்றது. பெயருக்கு நேரே கிலோ எழுதப்படுகின்றது. அந்தக் கணக்கை ஆண்டுக்கு ஆண்டு கூட்டிப் பார்த்து, எந்த மலை தளிர்க்கின்றது, எந்த மலை தேய்கின்றது என்று நிர்வாகம் அறிந்துகொள்கின்றது. இலைக்கு இத்தனை கணக்கு! அந்த இலையைப் பறித்தவளின் குழந்தைக்கு என்ன கணக்கு?

குழந்தையை எவரும் நிறுப்பதில்லை என்று யாம் வழக்காடவில்லை. மருத்துவமாது நிறுக்கின்றார், பிள்ளைதோறும் சுகாதாரப் புத்தகம் உண்டு. ஆனால், பிள்ளை பள்ளிக்குச் சென்றதும் அப்புத்தகம் பெட்டிக்குள் போய்விடுகின்றது. அந்த நிறையையும், பின்னாளில் பிள்ளை கற்ற கல்வியையும், வீட்டில் வருமானம் விழுந்த ஆண்டையும் ஒருசேர வைத்துப் படித்தால் அன்றோ உண்மை தெரியும்?

தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களம் 2016ஆம் ஆண்டில் நடத்திய குடித்தொகை சுகாதார அளவீட்டின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுள் வயதுக்கேற்ற உயரம் இல்லாதோர் நாடு முழுவதிலும் நூற்றுக்கு 17 பேர். தோட்டப்புறத்திலோ நூற்றுக்கு 32 பேர். இது அரசாங்கமே கொடுத்த வாக்குமூலம். எனினும் இஃது ஒரு நாளில் பிடித்த நிழற்படம். அன்று அளக்கப்பட்ட பிள்ளை பின்னர் உயர்ந்ததா, எந்த வகுப்பில் படிப்பை விட்டது, ஏன் விட்டது என்று நிழற்படம் சொல்லாது. அதைச் சொல்வது, அதே பிள்ளையை ஆண்டுக்கணக்காகப் பின்தொடரும் ஆய்வு ஒன்றே.

பிற நாட்டார் இதை என்றோ உணர்ந்தனர். 1946 மார்ச் மாதத்தில் ஒரே வாரத்தில் பிறந்த 5,362 பிள்ளைகளைப் பிரித்தானியர் தொடர்ந்தனர். அவர்கள் முதுமை எய்திய பின்னும் தொடர்ந்தனர். திறமை இருந்தும் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் மேற்கல்வியில் பின்தள்ளப்படுவதை அவ்வாய்வை நடத்திய ஜேம்ஸ் டக்ளஸ் 1964இல் நூலாக எழுதினார். ஏழைப் பிள்ளைக்கு மூளை இல்லை என்று பேசியோருக்கு அது தக்க மறுமொழி.

‘ஆய்வு வேண்டாம், சோறு கொடுங்கள்’ என்று கேட்போரும் உளர். அவர்கள் ஆந்திரத்தைப் பார்க்கட்டும். ‘இளம் உயிர்கள்’ என்னும் பொருள்படும் ‘யங் லைவ்ஸ்’ ஆய்வு அங்கே ஏறத்தாழ 3,000 பிள்ளைகளை 2002 முதல் தொடர்ந்து வந்தது. சிறுவயதில் வறட்சியால் வாடிய பிள்ளைகள், பள்ளியில் மதிய உணவு பெற்றபோது இழந்த வளர்ச்சியை மீட்டனர் என்பதை அந்த ஆய்வின் தரவுகளே காட்டின. சோறு போட்டதன் பயனை மறுக்க இயலாத சான்றாக்கியது ஆய்வே. சான்று இல்லாத சோற்றை அடுத்த வரவுசெலவுத் திட்டம் எளிதில் வெட்டிவிடும்.

கடல் கடந்து போவானேன்? அனுராதபுர மாவட்டத்தில் கர்ப்பிணித் தாய்மாரைத் தொடரும் ஆய்வொன்றை ரஜரட்டைப் பல்கலைக்கழகத்தார் 2019இல் தொடங்கினர். ரஜரட்டைக்கு இயன்றது பேராதனைக்கு இயலாதா? 1962 முதல் மருத்துவ பீடம் அங்கே இருக்கின்றது. சிறுவர் மருத்துவமனை அருகிலேயே நிற்கின்றது. கண்டி நகரம், சுற்றியுள்ள சிங்கள, முஸ்லிம் கிராமங்கள், தேயிலைத் தோட்டங்கள் என மூவகை வாழ்வும் ஒரே மாவட்டத்தில் உள்ளன. ஒப்பிட்டு நோக்க இதனினும் தக்க இடம் எது?

காலமும் நெருக்குகின்றது. 2022 செப்டெம்பரில் கொழும்பு உணவு விலைவாசி ஓராண்டில் நூற்றுக்கு 94 வீதத்துக்கு மேல் ஏறியது. அக்காலத்தில் கருவிலும் மடியிலும் இருந்த பிள்ளைகள் இப்பொழுது பள்ளி வாசலை அணுகுகின்றனர். அன்று குறைந்த பாலும் பருப்பும் நாளை அவர்களின் படிப்பில் எவ்வாறு வெளிப்படும்? இன்று தொடங்காவிடில் இந்தக் கேள்விக்கு என்றுமே விடை கிடையாது.

சட்டம் பயின்றவன் என்ற முறையில் சில நிபந்தனைகளும் சொல்வேன். பெற்றோரின் சம்மதமின்றி எப்பிள்ளையையும் சேர்க்கலாகாது; விரும்பியபோது விலகவும் உரிமை வேண்டும். கேள்விகள் அவரவர் தாய்மொழியில் இருத்தல் வேண்டும். ஒரு குடும்பத்தின் பெயரும் விபரமும் தோட்ட நிர்வாகத்தின் கைக்கோ கட்சிகளின் கைக்கோ போகலாகாது. எம் கட்சிக்கும் இவ்விலக்கு பொருந்தும். கண்ட முடிவுகளை ஆங்கில ஏட்டில் புதைக்காமல், லயத்து வாசலில் தமிழில் சொல்லுதல் வேண்டும்.

இருபது ஆண்டு நெடுங்காலம் என்பர். கன்று நட்டு, கவ்வாத்து வெட்டி, ஆண்டுகள் பொறுத்திருந்தே கொழுந்து காண்கின்ற உழவர்க்கு இதை விளக்க வேண்டுவதில்லை. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் எம் முன்னோரிடம் தந்தை பிறந்த இடத்துக்குச் சான்று கேட்டது. காட்ட இயலாதோர் பல்லாயிரவர் நாடற்றோராயினர். பதிவில்லாதவன் வழக்கு மன்றில் தோற்கும் என்பதை எம்மைவிட விலைகொடுத்துக் கற்றவர் யார்?

எம் பிள்ளைகளின் வழக்காவது சான்றோடு மன்றேறட்டும். மாகாண சபையையும் சுகாதார அமைச்சையும் பேராதனையையும் நோக்கி ஆசிரியரும் மருத்துவரும் தோட்டத் தலைவரும் ஒரே குரலில் கேட்பாராக: இலையை நிறுக்கும் நாடு எங்கள் பிள்ளையையும் நிறுக்கட்டும், நிறுத்ததை எழுதட்டும், எழுதியதை இருபது ஆண்டு மறவாதிருக்கட்டும்!