யாரும் மீம் போடாத எண்

2020 மே மாதம். குன்னம் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரில் உட்கார்ந்து லேப்டாப்பில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். சாயங்காலமானால் வீட்டில் எல்லோரும் டிவி முன்னால். சுகாதாரத் துறைச் செயலாளர் பீலா ராஜேஷ் வந்து எண்களை வாசிப்பார். கோயம்பேடு சந்தை மே 5ஆம் தேதி மூடப்பட்டது. அங்கே மூட்டை தூக்கிய எங்கள் பக்கத்து ஆட்கள் ஊர் திரும்பிக்கொண்டிருந்த நேரம். அதுவரை பட்டியலின் அடியில் கிடந்த அரியலூரும் பெரம்பலூரும் சட்டென்று மேலே ஏறின. அந்த வாரம் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஓடிய விவாதம் என்ன தெரியுமா? அவர் கட்டியிருந்த புடவை. நானும் ஒரு மீமை ஃபார்வர்டு செய்தேன். அதை ஒப்புக்கொண்டுதான் மேலே பேச முடியும்.

ஜூன் 12ஆம் தேதி அவர் மாற்றப்பட்டார். ஜெ. ராதாகிருஷ்ணன் வந்தார். சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் ஆட்சியராக இருந்தவர், 2012 முதல் 2019 வரை இதே துறையை நடத்தியவர். குழுவில் விசில் பறந்தது. வில்லி போனார், ஹீரோ வந்தார். படம் முடிந்தது.

என் தொழிலில் நடுராத்திரி இரண்டு மணிக்கு சர்வர் விழுந்தால், மறுநாள் ஒரு அறிக்கை எழுதுவோம். எது உடைந்தது, ஏன் நமக்கு முன்கூட்டியே தெரியவில்லை, இனி என்ன செய்வது என்று எழுத வேண்டும். யார் தப்பு என்று எழுதக் கூடாது. ஆளைத் தூக்கிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று எந்த டீமாவது நினைத்தால் அந்த சர்வர் மறுபடியும் விழும். இது எங்களுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் லாகவுட் செய்து ஃபோனை எடுத்தவுடன் நாங்களே ரசிகர் மன்றம் ஆகிவிடுகிறோம்.

அந்த ஆண்டு அப்படி ஒரு அறிக்கை உண்மையில் எழுதப்பட்டது. சென்னையில் மார்ச் 1 முதல் ஜூன் 10 வரையிலான மரணங்களை ஒரு குழு சரிபார்த்து, விடுபட்டிருந்த 444 மரணங்களை ஜூலை 22ஆம் தேதி அரசு கணக்கில் சேர்த்தது. பதிவேடுகளை ஒன்றோடொன்று ஒப்பிடும் சலிப்பான வேலை. ஒரு செயலாளர் தலைமை வகிக்கும் துறை செய்ய வேண்டிய வேலை அதுதான். அதற்கு யார் கைதட்டினார்கள்?

"மக்களுக்கு நம்பிக்கை கொடுக்க ஒரு முகம் வேணும்ல?" என்று கேட்பீர்கள். வேண்டும். கொள்ளைநோய்க் காலத்தில் டிவியில் தெளிவாகப் பேசுவதும் வேலையின் ஒரு பகுதிதான். ஆனால் அது சிறு பகுதி. மிச்சத்தைப் பார்க்க வேண்டுமென்றால் அரசு ஆஸ்பத்திரியில் கொடுக்கும் மாத்திரை அட்டையைத் திருப்பிப் பாருங்கள்.

தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994இல் தொடங்கப்பட்டது. மருந்து கொள்முதல் ஊழலால் நாறிக் கிடந்த காலம். அப்போது செயலாளராக இருந்த ஆர். பூரணலிங்கம் அதைக் கட்டியெழுப்பியதில் முக்கியமானவர். மாநிலம் முழுக்க ஒரே இடத்தில் கொள்முதல், மாவட்டக் கிடங்குகள், ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் வங்கிக் கணக்குப் புத்தகம் மாதிரி ஒரு பாஸ்புக். எந்தக் கம்பெனி மருந்து என்று ஆய்வகத்துக்கே தெரியாதபடி மாதிரிகளுக்கு ரகசியக் குறியீடு. இருப்பைக் கண்காணிக்கக் கணினி. தொண்ணூறுகளில்! கேரளமும் ராஜஸ்தானும் பின்னால் இதே வடிவத்தில் தங்கள் கழகங்களை அமைத்தன. என் அம்மா மாதாமாதம் வாங்கும் சர்க்கரை மாத்திரை அந்த ஏற்பாட்டின் வழியாகத்தான் வருகிறது. பூரணலிங்கம் யார் என்று அம்மாவுக்குத் தெரியாது. தெரிய வேண்டிய தேவையும் இல்லை.

இப்படி ஒன்றைக் கட்ட நாற்காலியில் உட்கார நேரம் வேண்டும். 2019க்கும் 2024க்கும் இடையில் அந்த நாற்காலியில் வந்து உட்கார்ந்தவர்கள் ஐந்து பேர். ஃபைலின் முதல் பக்கம் புரிவதற்குள் மாற்றல் உத்தரவு வந்துவிடும். நாமோ ஒவ்வொரு முறையும் புதியவரின் பழைய வீடியோக்களைத் தேடிப் பகிர்கிறோம்.

இப்போது என் எண்ணுக்கு வருகிறேன். 897. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அரியலூர் மாவட்டத்தில் ஆறு வயது வரையிலான 1000 ஆண் குழந்தைகளுக்கு இருந்த பெண் குழந்தைகள். பெரம்பலூரில் 913. மாநில அளவில் 943. இரண்டும் 2007இல்தான் நிரந்தரமாகப் பிரிந்தன. எங்கள் பேச்சில் இன்னும் ஒரே ஜில்லா. அடுத்த கணக்கெடுப்பு 2021இல் நடந்திருக்க வேண்டும், நடக்கவில்லை. நமக்கு இன்னும் அந்தப் பழைய எண்தான்.

கருவின் பாலினத்தைப் பார்த்துச் சொல்வதைத் தடுக்கும் சட்டம் 1994இல் இயற்றப்பட்டு 1996இல் அமலுக்கு வந்தது. கர்ப்பிணிக்குச் செய்யும் ஒவ்வொரு ஸ்கேனுக்கும் 'எஃப்' படிவம் நிரப்ப வேண்டும். அதைச் சரிபார்க்க வேண்டியது சுகாதாரத் துறை. 2011இல் எண்ணப்பட்ட அந்தக் குழந்தைகள் எல்லோரும் சட்டம் இயற்றப்பட்டு ஏறத்தாழ பத்து வருடமோ அதற்கு மேலோ கழித்துப் பிறந்தவர்கள். ஸ்கேன் மட்டும்தான் காரணம் என்று சொல்லவில்லை. பிறந்தபின் கவனிக்காமல் விடுவதும் இருக்கிறது. ஆனால் ஸ்கேன் மெஷின் அரசின் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கிறது, அதன் படிவங்கள் அலுவலகத்துக்கே வருகின்றன.

சில வருடங்களுக்கு முன் அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னார்: "உனக்கு அடுத்து ஒண்ணு இருந்துச்சுடா. டவுன்ல கூட்டிட்டுப் போய்ப் பாத்தாங்க. பொண்ணுன்னாங்க. உங்க அப்பாயி வேணாம்னுட்டாங்க." 1993. சட்டத்துக்கு முந்தைய வருடம். எனக்குத் தங்கச்சி இல்லாமல் போனது எந்தப் புள்ளிவிவரத்திலும் தனியாக வராது. அவளுக்குச் சட்டம் வரவில்லை, சரி. 2004க்குப் பிறகு விடுபட்டவர்களுக்குச் சட்டம் இருந்ததே. அந்தப் படிவங்களை யார் படித்தார்கள்? எந்த மாலைப் பேட்டியில் யார் கேட்டார்கள்? நாம் கேட்டோமா?

2025இல் பீலா மறைந்தார். செய்தியைப் பார்த்ததும் நான் ஃபார்வர்டு செய்த அந்த மீமைத் தேடிப் பார்த்தேன். இருந்தது. அழித்தேன். அதனால் யாருக்கும் பயனில்லை என்று தெரியும்.

அடுத்த மாற்றல் பட்டியல் வரும். புதியவரின் பெயரும் புகைப்படமும் குழுவுக்கு வரும். இந்த முறை நான் போடப்போகும் முதல் கேள்வி: சார், இல்லை மேடம், அரியலூரிலிருந்தும் பெரம்பலூரிலிருந்தும் வரும் எஃப் படிவங்களைத் துறையில் யார் படிக்கிறார்கள்? நீங்கள் போன பிறகும் அவர் படிப்பாரா?