புது வீட்டு வாசம்

போன தீபாவளிக்கு ரெண்டு கிழமைக்கு முன்னாடி எங்க லயத்துக் காம்பராவப் புதுசாக்கினோம். கொழும்புல கடையில வேலை செய்ற அண்ணன் ரெண்டு வருசமா சேத்த காசு அது. ஓட்டை விழுந்த தகரத்தக் கழட்டிட்டு அஸ்பெஸ்டஸ் சீட் போட்டோம். அக்காவுக்கும் பிள்ளைக்கும் ஒரு மறைவு வேணும்னு பலகை அடிச்சு காம்பராவ ரெண்டா மறிச்சோம். சுவருக்கும் கதவுக்கும் எனாமல் பெயின்ட்.

பாஸ் இஸ்தோப்புல வச்சே சீட்ட கிரைண்டரால வெட்டினாரு. வெள்ளை வெள்ளையா தூசி. அம்மா முந்தானையால மூக்கப் பொத்திக்கிட்டு அதக் கூட்டி அள்ளினாங்க. அன்னைக்கு ராவே உள்ள படுத்தோம். வட்டகொடைக் குளிருக்கு யாரு ஜன்னலத் தொறந்து வைப்பா?

மூனாவது நாள் அக்கா மகளுக்குக் கண் எரிச்சல், விடாத இருமல். எனக்கும் தலை பாரமா இருந்துச்சு. மருந்தெடுக்கப் போன இடத்துல டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "வீட்டுல புதுசா ஏதும் செஞ்சீங்களா?" வீட்டுக்கு வந்து சொன்னா அம்மா சிரிச்சாங்க. "புது வீடுன்னா வாசம் அடிக்கத்தானே செய்யும்!"

அந்த வாசத்தப் பத்தித்தான் பேசணும். மலையகத்துல வீடுன்னு வந்தா நாம காணியப் பேசுறோம், கூரையப் பேசுறோம். உள்ள இருக்கிற காத்தப் பேசுறதே இல்ல.

முதல்ல பலகை. பிளைவுட், சிப்போர்ட் மாதிரியான பலகைகள்ல மரத்தூளையும் மரத் தாள்களையும் ஒட்ட வைக்கிற பசையில பெரும்பாலும் ஃபோர்மல்டிஹைட் இருக்கும். பலகை புதுசா இருக்கும்போது அது அதிகமா வெளியேறும், மாசக்கணக்கா கொஞ்சம் கொஞ்சமா குறையும். சூடும் ஈரமும் கூடினா வெளியேறுறதும் கூடும். கண் எரிச்சல், தொண்டை அரிப்பு, இருமல் எல்லாம் இதோட அடையாளம். இது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும்னு உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-லேயே அறிவிச்சிருக்கு. எனாமல் பெயின்டும் தின்னரும் காயும்போது வேற பல வாயுக்களை விடும். இதுல நம்ம காம்பரா எப்படிப்பட்டதுன்னு யோசிச்சுப் பாருங்க. பத்துக்குப் பன்னிரண்டு அடி, ஒரு கதவு, ஒரு சின்ன ஜன்னல். மழை மாசத்துல எப்பவும் ஈரம், பக்கத்துலேயே விறகடுப்புப் புகை. பெரிய வீட்டுல கலைஞ்சு போற வாயு இங்க நம்ம போர்வைக்குள்ளேயே இருக்கும்.

ஏழைகளுக்குக் கிடைச்ச புது வீட்டுல இது நடந்ததுக்கு அமெரிக்காவுலேயே உதாரணம் இருக்கு. 2005-ல கத்ரினா சூறாவளியால வீடிழந்தவங்களுக்கு அரசாங்கம் டிரெய்லர் வீடுகள் குடுத்துச்சு. உள்ள முழுக்கப் பலகை. குடியிருந்தவங்க இருமல், தலைவலி, மூக்குல ரத்தம்னு முறையிட்டாங்க. 2008-ல அரசாங்கமே சோதிச்சு, ஃபோர்மல்டிஹைட் அதிகமா இருக்கு, வெயில் காலம் வர்றதுக்குள்ள ஆட்கள வெளியேத்துங்கன்னு சொல்ல வேண்டி வந்துச்சு. ஜப்பான்ல இந்த நோய்க்குப் பேரே 'நோய் வீடு'. அங்க 2003-ல கட்டடச் சட்டத்த மாத்தி, வீட்டுக்குள்ள போடுற பலகைக்குத் தர அளவு வச்சாங்க. புது வீட்டுல காத்து மாற வழி வைக்கிறதயும் கட்டாயமாக்கினாங்க.

இனி கூரை. அஸ்பெஸ்டஸ் வேற மாதிரி ஆபத்து. வாசம் இல்ல, எரிச்சல் இல்ல. உடையாத சீட் சும்மா கூரையில கிடந்தா பெருசா நார் வெளியேறாது. வெட்டும்போது, துளை போடும்போது, உடையும்போது, பழசாகி உதிரும்போதுதான் கண்ணுக்குத் தெரியாத நார் காத்துல கலக்குது. நுரையீரலுக்குள்ள போனா அங்கேயே தங்கிடும். நோய் காட்டுறதுக்கு இருபது, முப்பது, நாப்பது வருசம் ஆகலாம். இன்னைக்கு சீட் வெட்டுன பாஸுக்கு நோய் வரும்போது அந்தக் கூரைய யாரும் ஞாபகம் வச்சிருக்க மாட்டாங்க. எல்லா வகை அஸ்பெஸ்டஸும் புற்றுநோய் உண்டாக்கும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. 60க்கும் மேற்பட்ட நாடுகள் தடை செஞ்சிருக்கு.

இலங்கையும் தடை செய்யப் போச்சு. 2018 ஜனவரியில இருந்து கட்டுப்பாடு, 2024-க்குள்ள முழுசா நிறுத்துறதுன்னு திட்டம். ஆனா 2017 டிசம்பர்ல ரஷ்யா நம்ம தேயிலைய நிறுத்தி வச்சுச்சு. தேயிலைப் பொதியில ஒரு வண்டு இருந்துச்சுங்கிறதுதான் அறிவிச்ச காரணம். ரஷ்யா நம்ம தேயிலைய நிறைய வாங்குற நாடு. நமக்கு அஸ்பெஸ்டஸ் விக்கிற நாடும் அதுதான். சில நாள்லேயே நம்ம அரசாங்கம் அஸ்பெஸ்டஸ் கட்டுப்பாட்டத் தள்ளி வச்சுச்சு. அந்த மாசம் முடியிறதுக்குள்ள ரஷ்யா தேயிலைத் தடைய எடுத்துச்சு.

இத வெளிநாட்டு வர்த்தகச் செய்தியாத்தான் எல்லாரும் படிச்சாங்க. நான் எங்க அம்மாவ நெனச்சுப் பாக்குறேன். அவங்க பறிச்ச கொழுந்துக்குச் சந்தை வேணும்னு, அவங்க தலைக்கு மேல இருக்கிற சீட்டப் பத்தின முடிவு மாறிப் போச்சு. அவங்கள யாரும் ஒரு வார்த்தை கேக்கல.

"அப்ப என்னதான் செய்யச் சொல்ற? ஒழுகுற தகரத்துக்குள்ளேயே கெடக்கவா?"ன்னு பக்கத்துக் காம்பரா மாமா கேட்டாரு. நியாயமான கேள்வி. ராவெல்லாம் சட்டி பானை வச்சு மழைத்தண்ணி பிடிச்சவங்களுக்குப் புதுக் கூரை ஆடம்பரம் இல்ல. போட்ட சீட்ட இப்பப் பயந்து பிடுங்குறதுதான் இன்னும் ஆபத்து. அத அப்படியே விடுங்க. இனிப் போடுறவங்க வண்ணத் தகரத்துக்கு முதல்ல விலை கேட்டுப் பாருங்க. சீட்டத் தொட்டே ஆகணும்னா தண்ணி ஊத்தி நனைச்சு, கை வாளால, வெளியில தூரமா வச்சு வெட்டச் சொல்லுங்க. கிரைண்டர் வேண்டாம். தூசியக் காஞ்சபடி கூட்டாதீங்க, ஈரத்துணியால துடைங்க. உடைஞ்ச துண்ட கோழிக்கூட்டுக்கோ பாதைக்கோ போடாதீங்க. பலகையப் பொருத்த முன்னாடி சில நாளாவது காத்தோட்டமா நிறுத்தி வைங்க. பெயின்ட தீபாவளிக்கு முந்தின நாள் அடிக்காம கொஞ்சம் முன்கூட்டியே அடிங்க. பழைய பெயின்ட்ல ஈயம் இருக்கலாம், அதையும் காஞ்சபடி சுரண்டாதீங்க. முக்கியமா, பச்சைப்பிள்ளையையும் கர்ப்பிணியையும் அந்த நாட்கள்ல வேற வீட்டுல படுக்க வைங்க.

ஆனா இத்தனையும் நம்ம தலையில மட்டும் கட்டிட்டா அது அநியாயம். லயத்துச் சுவருல இன்னொரு ஜன்னல் வைக்கக்கூட தோட்ட நிர்வாகத்துக்கிட்ட அனுமதி கேக்கணும். வீடும் நமக்குச் சொந்தமில்ல, காணியும் சொந்தமில்ல. அதனால, வீட்டுத் திட்டம்னு யாராவது மேடையில பேசினா எத்தனை வீடுன்னு மட்டும் கேக்காதீங்க. கூரை எதுல? பலகை எதுல? அடுப்புப் புகை எங்க போகும்? ஜன்னல் எத்தனை? இத நம்மள மாதிரி இளைஞர்கள் கேட்டாத்தான் உண்டு.

தலவாக்கலையில தேயிலை ஆராய்ச்சி நிலையம் இருக்கு. ஒரு தேயிலை இலையில புள்ளி விழுந்தா ஏன்னு பாக்க அங்க ஆள் இருக்கு. கொழுந்து பறிக்கிறவங்க மூச்சு விடுற காத்த அளக்கவும் யாராவது வரணும்.

எங்க வீட்டுல இப்ப பகல் முழுக்க ஜன்னல் தொறந்துதான் இருக்கு. அக்கா மகளுக்கு இருமல் குறைஞ்சிருச்சு. குளிருதுன்னு அம்மா திட்டுறாங்க, திட்டிக்கிட்டே ஜன்னல் பக்கத்துல உக்காந்து தேத்தண்ணி குடிக்கிறாங்க.