பனியில் நடந்தால் போதுமா?

ஓட்டப்பிடாரத்தில் பனி என்றால் மார்கழி விடியலில் கம்பங்கதிர் மேல் நிற்கிற ஈரம்தான். கரிசல் காட்டுக்குப் போகிறவர்கள் தலையில் துண்டைக் கட்டிக்கொள்வார்கள், வெயில் ஏறினதும் அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொள்வார்கள். அவ்வளவுதான். வானத்திலிருந்து வெள்ளையாகக் கொட்டி, முழங்கால் வரை ஏறி, ஆளையே விறைக்க வைக்கிற பனியை அந்தப் பக்கம் யாரும் கண்டதில்லை. ஆனாலும் ஆகஸ்ட் 5 நெருங்கினால் சாதி மதம் பார்க்காமல் பஸ் ஏறி தூத்துக்குடிக்குப் போகிறார்கள். யாரைப் பார்க்க? பனிமய மாதாவை! நாலாம் நூற்றாண்டில் ரோமாபுரியில் நல்ல கோடையில் ஒரு குன்றின்மேல் பனி கொட்டியது என்கிற கதையிலிருந்து வந்த பெயர் அது. பனியே விழாத கடற்கரையில் பனியின் பெயரால் ஒரு பேராலயம்.

இந்தக் கடற்கரைக்கும் பனிக்கும் இன்னொரு தொடர்பும் உண்டு. அது சவேரியார். சர்ச்சையும் அங்கேதான்.

சவேரியார் 1542-ல் முத்துக்குளித்துறைக்கு வந்தவர். 1549 ஆகஸ்ட் 15-ல் ஜப்பானில் ககோஷிமாவில் இறங்கினார். அடுத்த வருடக் கடைசியில், டிசம்பர் 17 அன்று, யமகுச்சியிலிருந்து தலைநகரான மியாக்கோவுக்கு (இன்றைய கியோத்தோ) கிளம்பினார். கொடும் பனிக்காலம். காலில் சரியான செருப்பு இல்லை. வழியெல்லாம் சண்டை, கொள்ளைக்காரர்கள். குதிரையில் போகிற பயணிகளோடு சேர்ந்து சுமை தூக்கிக்கொண்டு ஓடினார், கால் வீங்கியது, பனியில் ரத்தச் சுவடு பதிந்தது என்றெல்லாம் சரித்திரம் எழுதினவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். ஊழியம் என்றால் இதுதான் என்று பிரசங்கிகளுக்கு மிகவும் பிடித்துப்போன காட்சி. கூட்டத்தில் நாலு பேராவது கண்ணைத் துடைப்பார்கள்.

துடைக்கட்டும். ஆனால் அந்தப் பயணத்தில் நடந்தது என்ன என்று ஏன் சொல்வதில்லை?

மியாக்கோவில் அவர் இருந்தது 11 நாள். ராஜாவைப் பார்க்க முடியவில்லை. நகரம் பழைய யுத்தங்களில் பாதி சாம்பலாகிக் கிடந்தது. ராஜாவுக்குப் பெயர்தான் இருந்தது, அதிகாரம் இல்லை. கிழிந்த அங்கியோடு வந்த வெளிநாட்டுக்காரரை யாரும் மதிக்கவில்லை. வந்த வழியே திரும்பினார்.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. அந்தப் பனிக்காலம் முழுக்க அவர் கடவுளுக்குச் சொன்ன பெயரே தப்பு! அஞ்ஜிரோ என்கிற ஜப்பானியர் மொழிபெயர்த்துக் கொடுத்தபடி 'தைநிச்சி' என்று சொல்லிக்கொண்டிருந்தார். அது பௌத்தத்தில் ஷிங்கோன் பிரிவினர் வணங்குகிற புத்தரின் பெயர். 1551-ல் அதே பிரிவின் துறவிகளிடம் பேசிப் பார்த்தபிறகுதான் புரிந்தது. பதறிப்போய் அந்தப் பெயரைக் கைவிட்டு 'தேவுசு' என்று சொல்ல ஆரம்பித்தார். கால் வீங்க நடந்ததெல்லாம் அந்த ஒரு சொல்லைத் திருத்தவில்லை. உட்கார்ந்து பேசியது திருத்தியது.

ஜப்பானில் நடந்தது புதிதும் இல்லை. அதற்கு முன்பே இந்தக் கடற்கரையில் இதே கூத்து நடந்திருக்கிறது. பரவர்களுக்குத் தமிழில் சொல்லிக்கொடுத்த விசுவாசப் பிரமாணத்தில் 'விசுவசிக்கிறேன்' என்று வரவேண்டிய இடத்தில் 'வேணும்' என்று இருந்தது. 1544-ல்தான் தெரியவந்தது. உடனே கூட வேலை செய்தவருக்குக் கடிதம் எழுதி, 'வேணும்' என்பதை எடுத்துவிட்டு 'விசுவாசம்' என்ற சொல்லைப் போடச் சொன்னார். நம்புகிறேன் என்பதற்கும் வேண்டும் என்பதற்கும் வித்தியாசம் தெரியாமல் ஜெபம் ஓடியிருக்கிறது. (ஜெபிக்கிறவர்களில் பலர் இன்றைக்கும் 'வேணும்' என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள் என்பது வேறு கதை!)

இதைச் சொன்னால் சவேரியாரைக் குறை சொல்வதாகச் சண்டைக்கு வருவார்கள். குறை சொல்ல வேண்டியது அவரை அல்ல. தன் தப்பைத் தானே எழுதி வைத்த மனிதர் அவர். பனியைத் தூக்கிப் பிடிப்பவர்களைத்தான் கேட்க வேண்டும். சவேரியாரே தன் கடிதத்தில் மியாக்கோ குளிரை ஒரு வரியில் கடந்து போகிறார். ஜப்பானுக்கு எப்படிப்பட்ட ஆட்களை அனுப்ப வேண்டும் என்று 1552-ல் எழுதும்போது, ஜப்பானியர்கள் ஓயாமல் கேள்வி கேட்பார்கள், பதில் சொல்லத் தெரிந்த படித்தவர்கள் வேண்டும் என்கிறார். குளிருக்கு? ஜெர்மானியரோ பிளெமியரோ என்றால் தாங்குவார்கள் என்கிறார். குளிர் அவருக்கு ஆள் தேர்வு சம்பந்தப்பட்ட சங்கதி. பின்னால் வந்தவர்கள்தான் அதைப் புனிதமாக்கினார்கள்.

அந்த நடை வீண் இல்லை, ராஜாவிடம் அதிகாரம் இல்லை என்று தெரிந்ததே லாபம்தான் என்று வாதாடலாம். உண்மைதான். ஆனால் அந்தப் பாடத்தை வைத்து அவர் செய்தது என்ன? கிழிந்த அங்கியைக் கழற்றிவிட்டுப் பட்டு உடுத்தினார். கடிகாரம், இசைக்கருவி என்று பரிசுப் பொருட்களை எடுத்துக்கொண்டு தூதுவர் கோலத்தில் யமகுச்சிக்குத் திரும்பினார். பிரபு ஓவுச்சி யோஷித்தக்கா பேச அனுமதியும் தங்க ஒரு பழைய விகாரையும் கொடுத்தார். சில மாதங்களில் சுமார் 500 பேர் ஞானஸ்நானம் பெற்றார்கள். ரத்தச் சுவட்டைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்தப் பட்டு அங்கியைப் பற்றி ஏன் வாய் திறப்பதில்லை?

கூட நடந்தவர்கள் விஷயம் இன்னும் மோசம். அந்தப் பனியில் சவேரியார் தனியாகப் போகவில்லை. ஹுவான் பெர்னாண்டஸ் என்கிற சகோதரரும், பெர்னார்தோ என்று பெயர் வைக்கப்பட்ட ஜப்பானிய இளைஞரும் கூட வந்தார்கள். அதே குளிர், அதே பசி. சவேரியார் 1551-ல் ஜப்பானை விட்டுக் கிளம்பிவிட்டார். பெர்னாண்டஸ் அங்கேயே இருந்து மொழியை நன்றாகக் கற்று 1567-ல் அங்கேயே இறந்தார். எத்தனை பனிக்காலம் பார்த்திருப்பார்! அவர் பெயரில் ஒரு பள்ளிக்கூடமாவது உண்டா?

ஓட்டப்பிடாரத்துக்காரர்களுக்கு இது பழகின வியாதி. அங்கே 1872-ல் பிறந்த வ.உ.சி. 10 லட்சம் ரூபாய் மூலதனம் என்று திட்டமிட்டு, 25 ரூபாய் பங்குகளை ஊர் ஊராக விற்று, 1906-ல் வெள்ளைக்காரக் கம்பெனிக்கு எதிராகக் கப்பல் கம்பெனி தொடங்கினார். 'கப்பலோட்டிய தமிழன்' என்ற பட்டமும் இருக்கிறது. ஆனால் மேடையில் கைதட்டு விழுவது கோயமுத்தூர் ஜெயிலில் அவர் இழுத்த செக்குக்கு. பங்கு எப்படி விற்றார், கம்பெனி ஏன் 1911-ல் மூடப்பட்டது என்று பேசினால் கூட்டம் கலைந்துவிடும். வலி பேசுவதற்குச் சுலபம். வேலையைப் பற்றிப் பேச வேண்டுமானால் படிக்க வேண்டும்!

சவேரியார் இந்தக் கரையிலும் நடந்தார், அதைச் சொல்லலாமே. 1544-ல் வடுகப் படை கன்னியாகுமரிப் பக்கம் பரவர் ஊர்களைத் தாக்கியபோது, ஜனங்கள் கடலுக்குள் இருந்த பாறைகளில் ஏறித் தப்பினார்கள். சோறும் இல்லை, தண்ணீரும் இல்லை. இவர் 20 தோணிகளில் சாமான் ஏற்றிக்கொண்டு கிளம்பினார். காற்று எதிர்த்து அடித்ததால் தோணிகள் போய்ச்சேரவில்லை. பிறகு கரைவழியாக நடந்தே போனார். தேரிமணலில் உச்சிவெயிலில் நடந்து பார்த்தவர்களுக்குத் தெரியும் அது எப்படிச் சுடும் என்று. அந்த நடையின் மறுமுனையில் தாகத்தோடு மனிதர்கள் இருந்தார்கள். மியாக்கோவில் யார் இருந்தார்கள்?

அதைவிட நல்ல காரியம் ஒன்று செய்தார். முத்துக்குளி வருமானத்திலிருந்து போர்ச்சுகல் ராணியின் பாதரட்சைச் செலவுக்கென்று வருடாவருடம் பணம் போய்க்கொண்டிருந்தது. அதில் 4000 பணத்தைக் கேட்டு வாங்கி, ஊர்தோறும் ஜெபம் சொல்லிக்கொடுத்த கணக்கப்பிள்ளைகளுக்குச் சம்பளம் ஆக்கினார். வெறுங்காலோடு நடந்தார் என்பதைவிட ராணியின் செருப்புக் காசை வாத்தியார் சம்பளமாக்கினார் என்பது பெரிய விஷயம் இல்லையா? படம் வரைய வராது, அதுதான் பிரச்சினை.

கடைசியாக அண்டிரிக் அடிகளார். ஹென்ரிக்கே ஹென்ரிக்கஸ் என்பது முழுப் பெயர். யூத வம்சம் என்று ஒரு சபை ஒதுக்கி வைத்த மனிதர், உடம்பும் நோஞ்சான். இன்று பனிமலைக்கு ஆள் எடுக்கிறவர்கள் இவரை வாசலோடு அனுப்பியிருப்பார்கள். 1547-ல் முத்துக்குளித்துறைக்கு வந்தவர், 1600-ல் சாகும்வரை இந்தக் கரையிலேயே கிடந்தார். தமிழைப் பேச மட்டுமல்ல, எழுதவும் கற்றார், இலக்கணம் எழுதினார். 1578 அக்டோபர் 20-ல் கொல்லத்தில் அவருடைய 'தம்பிரான் வணக்கம்' தமிழ் எழுத்தில் அச்சானது. பதினாறே பக்கம். இந்திய மொழி ஒன்றின் சொந்த எழுத்தில் அச்சாகி நமக்குக் கிடைத்திருக்கிற முதல் புத்தகம் அது. 'வேணும்' என்று தடுமாறிய ஜெபம் அச்சில் நிற்கிற தமிழாவதற்கு 30 வருடத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. அத்தனை வருடமும் உப்புக்காற்றும் புழுக்கமும்தான், ஒரு பொட்டுப் பனி கிடையாது.

1903-ல் திருநெல்வேலியில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கியதிலிருந்து, தென்மாவட்டப் பிள்ளைகள் வெளி மாநிலங்களுக்கு ஊழியத்துக்குப் போய்க்கொண்டே இருக்கிறார்கள். இருபது வயதுப் பையனை மலைக்கு அனுப்புவதற்கு முன்னால் மேடையில் பனியைக் காட்டுகிறார்கள், தாங்குவாயா என்று கேட்கிறார்கள். அந்த ஊர்ப் பேச்சை எத்தனை வருடம் படிப்பாய், அங்கே உள்ளவர்கள் கேள்வி கேட்டால் உட்கார்ந்து கேட்பாயா, உன் சொல் தப்பு என்று அவர்கள் சொன்னால் மாற்றிக்கொள்வாயா என்று கேட்கிற மேடை எத்தனை?

அண்டிரிக் அடிகளாரை அடக்கம் செய்தது தூத்துக்குடியில்தான். ஆகஸ்ட் 5-ல் பனிமய மாதாவைப் பார்த்துவிட்டு ஓட்டப்பிடாரம் பஸ் ஏறுகிறவர்களிடம் அவர் பெயரைக் கேட்டுப் பார்க்கலாம்.