கலியாணச் சாப்பாடு சாப்பிட்டவை எங்க போட்டினம்?

எங்களுக்குத் தெரிந்த ஒரு அக்கா. 2008 கடைசியில், சண்டை கிளிநொச்சியை நெருங்கிக்கொண்டிருந்த நேரம், ஆள்சேர்ப்புக்குப் பயந்து அவசரமாக அவவுக்குக் கலியாணம் செய்து வைத்தார்கள். தாலி இருந்தது, ஐயர் இருந்தார், ஊர் வந்து சாப்பிட்டது. பதிவு மட்டும் இல்லை. மீள்குடியேறின பிறகு பிள்ளை பிறந்தது. பிறப்பைப் பதிய வரச்சொல்லிக் கேட்டதுக்குத் தகப்பன் "பிறகு பாப்பம்" என்றார். அந்தப் பிறகு வரவேயில்லை. இப்ப அவருக்கு வேற குடும்பம். தாபரிப்புக் கேட்டால் பதில் இதுதான்: "பதிவு இருக்கோ? பிள்ளை என்ரதெண்டு ஆர் சொன்னது?"

சாட்சிக்கு ஆள் தேடி அக்கா ஏறி இறங்காத வீடு இல்லை. "எங்களுக்கேன் பிள்ளை கோட்டு வழக்கு" என்று எல்லாரும் கதவைச் சாத்தினார்கள். அண்டைக்குப் பந்தியில இருந்தவை இண்டைக்கு எங்க போட்டினம்?

முதலில் ஊரில் உலாவுற இரண்டு பொய்யை உடைப்பம்.

"பதிவில்லாத கலியாணம் கலியாணமே இல்லை." பொய். இலங்கையின் பொதுத் திருமணச் சட்டத்தில் பதிவு மிகச் சிறந்த சான்று, ஆனால் ஒரே சான்று அல்ல. வழமைப்படி நடந்த சடங்கையும், கணவன் மனைவியாக ஊரறிய வாழ்ந்ததையும் நீதிமன்றங்கள் நூறு வருடத்துக்கு மேலாகக் கணக்கில் எடுத்து வந்திருக்கின்றன. ஊரறிய என்றால், ஊர் வந்து வாய் திறக்க வேணும்.

"தாலி இல்லாட்டிப் பிள்ளைக்கும் உரிமை இல்லை." இதுவும் பொய். 1889ஆம் ஆண்டின் பழைய சட்டம் மணமாகாத தாயின் வாக்கை மட்டும் நம்பவில்லை, வேறு சாட்சியமும் கேட்டது. தகப்பன் செலவுக்குக் கொடுத்து வராவிட்டால், பிள்ளை பிறந்து 12 மாதத்துக்குள் வழக்குப் போடவும் சொன்னது. 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்க பராமரிப்புச் சட்டம் இரண்டையும் கைவிட்டது. மணத்துக்குள் பிறந்தாலும் வெளியே பிறந்தாலும், வசதியுள்ள பெற்றோர் பிள்ளையைப் பராமரிக்க வேண்டும் என்றது.

ஆனால் சட்டமும் முழுசாகத் திருந்தவில்லை. மணத்துக்கு வெளியே பிறந்த பிள்ளை என்றால், தகப்பன் யார் என்பதை நீதவான் ஏற்கும்படி வலுவான சான்றோடு காட்ட வேண்டும். அந்தப் பாரம் தாயின் தலையில். பிறப்புப் பதிவிலும் இதே கதைதான். தாயும் தகப்பனும் சேர்ந்து கேட்டு, அவர் கையெழுத்துப் போட்டால்தான் அவர் பெயர் ஏறும். மறுக்கிறவருக்கு ஒரு சதமும் செலவில்லை. பேசாமல் வீட்டில இருந்தால் போதும்.

வன்னியில் இன்னொரு கொடுமையும் இருக்கு. கணவன் 2009இல் காணாமல் போய்விட்டார். பல வருடம் கழித்து அந்தப் பெண் இன்னொருவரோடு வாழ்கிறா, பிள்ளை பிறக்குது. திருமணம் நிலைத்திருக்கும்போது பிறந்த பிள்ளை கணவனுடையதே என்கிறது சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 112ஆம் பிரிவு. கணவன் ஆண்மையற்றவர், அல்லது அந்தக் காலத்தில் அவளோடு சேர வாய்ப்பே இருக்கவில்லை என்று காட்டினால்தான் அது மாறும். 2017 மாசியிலிருந்து கிளிநொச்சி கந்தசாமி கோயிலடியில், "அவரைத் தாங்கோ" என்று படத்தோட இருந்த பெண்களை நினைச்சுப் பாருங்கோ. அப்பிடி ஒருத்தி கூண்டில ஏறி, "அண்டைக்குப் பிறகு அவர் என்னட்ட வரவேயில்லை" என்று தன்ர வாயாலயே சொன்னால்தான் பிள்ளைக்குத் தகப்பன் கிடைக்கும்.

"பொம்பிளையள் பொய் வழக்கும் போடுறவை" என்று சொல்லுற அண்ணைமாருக்கு ஒரு வார்த்தை. மரபணுப் பரிசோதனை இருக்கு. கன்னத்தின் உட்பக்கம் பஞ்சால ஒரு தடவல், அவ்வளவுதான். பொய் வழக்கென்றால் அதுவே உங்களைக் காப்பாற்றும். பிறகேன் பயம்? இந்தியாவில் முதலமைச்சராகவும் ஆளுநராகவும் இருந்த என்.டி. திவாரி இரத்தம் கொடுக்க மறுத்து நீதிமன்றங்களில் இழுத்தடித்தார். 2008இல் ரோகித் சேகர் போட்ட வழக்கில், 2012இல் வந்த பரிசோதனை முடிவு அவர்தான் தகப்பன் என்றது. பதவியால அதை மறைக்க முடியேல்ல.

ஆனால் டில்லியில் நாலு வருடம் வழக்காடின வசதி தோட்டக் கூலிக்குப் போற அக்காவுக்கு இல்லை. அதால கேட்கிறம்: தாபரிப்பு வழக்குகளில் பரிசோதனைச் செலவை அரசு ஏற்க வேண்டும். சோதனைக்கு வர மறுப்பதை மறுத்தவருக்கு எதிரான சான்றாக எடுக்கலாம் என்று சட்டத்திலேயே எழுத வேண்டும். பள்ளிக்கூடத்தில பிள்ளையிட்ட எல்லாருக்கும் முன்னால தகப்பன் பெயர் கேட்கிறதை நிறுத்த வேண்டும்.

சட்டம் மாறக் காலம் எடுக்கும். சாட்சி சொல்லக் காலம் தேவையில்லை. வீரம் பற்றிக் கதைக்க எங்களுக்கு நல்லாத் தெரியும். "ஓம், நான் அந்தக் கலியாணத்துக்குப் போனனான்" என்று நீதிமன்றத்தில சொல்ல மட்டும் நாக்கு எழும்பாதோ? கலியாணப் படங்கள் முள்ளிவாய்க்காலோட போச்சு. மிச்சமிருக்கிற சாட்சி உங்கட அம்மாவும் அப்பாவும்தான். இண்டைக்கு இரவு சாப்பிடேக்க அவையிட்டக் கேளுங்கோ.